அரக்கை உடைத்த கை

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கதவோரம் நிற்கிற மகராசி, நீயும் உள்ளே வந்துடு. இன்றைக்கு ஒரு பழி தீர்த்த கதை சொல்லப் போகிறேன். கத்தி கிடையாது, விஷம் கிடையாது, ஒருத்தரும் கை ஓங்கவில்லை. ஆனாலும் கேட்டு முடிக்கும்போது உங்கள் நெஞ்சு ஜில்லென்று ஆகும். அதற்கு நான் பொறுப்பு.

தராசு அண்ணியை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் என்ன சொன்னாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடை போடுவாள். அதனால் அந்தப் பெயர். அவள் கூட இருப்பது அவளுடைய நாத்தனார். அண்ணன் போன பிறகும் அண்ணியை விட்டுப் போகாதவள். வாய் ஓயாது, அவளுக்கு ஊர் வைத்த பெயர் வானொலி.

அன்று காலை கதவைத் தட்டினவள் கஸ்டம்ஸ்காரி. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையின் மேற்பார்வையாளர். வெள்ளைச் சீருடை போட்டிருந்தாள், ஆனால் தோளில் இருக்க வேண்டிய பட்டை இல்லை. முதல் நாள் சாயங்காலம்தான் கழற்றி வாங்கியிருந்தார்கள். தையல் நூல் பிசிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கம்மா. தண்ணி தரட்டுமா?" என்றாள் தராசு அண்ணி.

"தண்ணி வேணாம். அவன் ரத்தம் வேணும்."

"அது வீட்ல இல்லைங்க. காபி இருக்கு," என்றாள் வானொலி.

வந்தவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சொல்லிக்கொண்டே போனாள்.

அவளுக்கு ஒரு தங்கை. அருங்காட்சியகத்தில் பொருள் அறைக் காப்பாளர். அந்த அறையில் ஒரு வெள்ளிக் குதிரை இருந்தது. முழங்கை நீளம், உள்ளே காலி, ஒரு காது மட்டும் முன்னால் சாய்ந்திருக்கும். எந்தக் காலத்துக் குதிரை என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளர், 'எங்கள் நாட்டில் கண்காட்சி வைக்கப் போகிறோம்' என்று அதைப் பார்க்க வந்தார். மறுபடியும் வந்தார். இரண்டு தடவையும் தங்கைதான் அறையைத் திறந்து காட்டினாள். பிறகு ஒரு நாள் குதிரை இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி தங்கையிடம் மட்டும்தான் இருந்தது.

"'வந்து போனவர் அவர் ஒருத்தர்தான், அவர்தான் எடுத்தார்'னு தங்கச்சி தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா. போலீஸ் போய்க் கேட்டாங்க. அவர் சிரிச்சார். 'என்னை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை'ன்னார். அதோட முடிஞ்சது. தங்கச்சி ஜெயில்ல. எங்கப்பா அந்த வாரம் படுத்தவர் எழுந்திரிக்கவே இல்லை."

"சரி, நேத்து என்ன ஆச்சு?"

"தூதரகப் பை."

கண்ணுங்களா, அந்தப் பை என்னவென்று தெரிந்துகொண்டால்தான் கதை புரியும். ஒரு தூதரகம் தன் நாட்டுக்குக் காகிதங்கள் அனுப்புகிற கான்வாஸ் பை அது. வாயில் கயிறு, கயிற்று முடிச்சில் சிவப்பு அரக்கு, அரக்கில் தூதரின் முத்திரை. அதை எந்த நாட்டுக் கஸ்டம்ஸும் திறக்கக் கூடாது, நிறுத்தி வைக்கக் கூடாது. உலகமே ஒப்புக்கொண்ட சட்டம்.

"நேத்து வெயில் ஏறின பிறகு அவரே பையைத் தூக்கிட்டு வந்தார். வழக்கமா வர்ற ஆளுக்கு உடம்பு சரியில்லையாம். கம்பிக்கூண்டுல வெச்சிட்டுப் போனார். கூண்டுச் சாவி எங்கிட்ட. உச்சி வெயில்ல விமானத்துல ஏத்தறதுக்குத் திரும்பி வந்தார். வந்து பாத்தா முத்திரை உடைஞ்சு கிடக்கு, கயிறு தளர்ந்து கிடக்கு. கொட்டகையே அதிர்ற மாதிரி கத்தினார். மந்திரி வரைக்கும் போயிடுச்சு."

"நீங்க தொட்டீங்களா?"

"இல்லை."

"ஆனா தொடணும்னு ஆசை இருந்துது."

அவள் காபியைக் கீழே வைத்தாள். "கேன்டீன்ல எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கேன். 'அவன் பை ஒரு நாள் என் கொட்டகைக்கு வரும், கிழிக்காம விடமாட்டேன்'னு. அத்தனை பேரும் இப்ப சாட்சி. ஆனா கிழிக்கலைம்மா. கிழிச்சா நானும் தங்கச்சி கூடப் போய் உள்ள உக்காருவேன். அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் முடிச்ச சந்தோஷத்தை அவனுக்கு நான் ஏன் தரணும்?"

தராசு அண்ணி ஒரு கண்ணை மூடினாள். மூடின கண் திறந்தபோது தீர்ப்பு ஆகியிருந்தது. "நம்பறேன். இப்ப என்ன அவசரம்?"

"அவருக்கு இங்க வேலை முடிஞ்சுது. இன்னைக்குச் சாயந்தர விமானத்துல ஊருக்குப் போறார். அந்தக் குதிரை அவர்கிட்டதான் இருக்கு. அவர் போயிட்டா குதிரை ஏதோ ஒரு பணக்காரன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிடும். என் தங்கச்சி உள்ளயே கிடப்பா."

"அப்ப காபியைக் குடிங்க," என்றாள் வானொலி. "ஆறிப்போன காபியைக் குடிச்சுட்டுப் பழி வாங்கினா வாய் கசக்கும்."

*

இலாகா விசாரணை என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் ஒருத்தர் போய் ஆதாரத்தைப் பார்க்கலாம். அந்த உரிமையில்தான் இரண்டு பேரும் தூதரகத்துக்குப் போனார்கள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் வானொலி முந்தானையைக் காது வரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "என்ன அண்ணி, மனுஷங்களைக் கெட்டுப் போகாம வெக்கிற இடமா இது? இவ்வளவு குளிர்!"

"வாயை மூடு, பல் கூசும்."

நீளமான மேஜையின் ஒரு பக்கம் தூதர் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, வயதானவர், தூங்காத கண்கள். இந்த நாட்டில் பல வருஷம் இருந்தவர், மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் நம் பாஷையில் பேசுவார். அவர் பக்கத்தில் நின்றவர்தான் இரண்டாம் செயலாளர். நம் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். செய்தி வாசிப்பது போலப் பேசுவார். முகத்தில் ஒரு சிரிப்பு. ஒட்ட வைத்தது மாதிரி எப்போதும் அதே அளவு.

மேஜை மேல் பை கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, அதன் மேல் கண்ணாடி மூடி, உள்ளே அரக்குத் துண்டுகள்.

"தாராளமாகப் பாருங்கள் அம்மா. தொட வேண்டாம்," என்றார் சிரிப்புக்காரர். "நான் உங்கள் பெண்மணியை மன்னிக்கத் தயார். பாவம், சகோதரி குற்றவாளி ஆகிவிட்டார் என்ற வேதனை."

"நான் மன்னிக்கத் தயார் இல்லை," என்றார் தூதர். "உள்ளே காகிதங்கள் அப்படியே இருக்கின்றன. எனக்குக் காகிதம் பெரிதில்லை. அது என் முத்திரை. என் நாட்டு முகத்தில் யாரோ அறைந்திருக்கிறார்கள்."

தராசு அண்ணி தட்டின் மேல் குனிந்தாள். "இந்தத் துண்டெல்லாம் யாருங்க பொறுக்கினது?"

"நானே. பார்த்த அந்த நொடியிலேயே கொட்டகைத் தரையிலிருந்து கைக்குட்டையில் எடுத்தேன். காரில் ஏறி நேராக இங்கே வந்து இந்தத் தட்டில் வைத்தேன். ஒரு துகள்கூட விடவில்லை."

"ரொம்ப கவனமான ஆளு நீங்க."

"அது என் தொழில்."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வெளியே வந்ததும் வானொலி வெடித்தாள். "என்ன அண்ணி இது? அந்த ஆளு பல்லைக் காட்டறான், நீங்க தட்டை முறைக்கறீங்க, அவ்வளவுதானா? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பீங்கன்னு பாத்தேன்!"

"துண்டைப் பாத்தியா நீ?"

"பாத்தேன். சிவப்பா இருந்துது."

"அப்புறம்?"

"அதுக்கு மேல நின்னிருந்தா எனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கும்."

"ஓரமெல்லாம் எப்படி இருந்துது? உடைஞ்ச கண்ணாடி வளையல் மாதிரி இல்லை? கையில குத்தற மாதிரி கூரா?"

"ஆமா. அரக்கு உடைஞ்சா அப்படித்தானே இருக்கும்?"

"எங்க உடைஞ்சா?" என்றாள் தராசு அண்ணி. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். "கஸ்டம்ஸ் கொட்டகைக்குப் போப்பா."

*

சரக்குக் கொட்டகைக்குத் தகரக் கூரை. கோடை காலம், உச்சி வெயில். உள்ளே நுழைந்தவுடன் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. கஸ்டம்ஸ்காரிக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். சுமை தூக்குகிறவர்கள் அவளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள். முந்தாநாள் வரை அவளுக்கு வணக்கம் வைத்தவர்கள்.

கஸ்டம்ஸ்காரர்களுக்கும் அரக்கு உண்டு. சந்தேகச் சரக்கை அவர்களும் கட்டி முத்திரை வைப்பார்கள். எழுத்தரிடம் ஒரு குச்சி கேட்டு வாங்கி, இரண்டு கயிற்று முடிச்சில் உருக்கி ஊற்றினாள் தராசு அண்ணி. ஒன்றைக் கம்பிக்கூண்டுக்குள் தொங்கவிட்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்குப் போய், அவர் மேஜையில், குளிர்ந்த காற்று நேராக விழுகிற இடத்தில் வைத்தாள்.

ஆணையர் நல்ல மனிதர்தான். ஆனால் மந்திரி ஆபீஸிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற ரகம். "என்னம்மா இது? என் மேஜையில பொம்மை வெச்சு விளையாடறீங்களா?"

"கொஞ்சம் இருங்க சார். ஆறட்டும். அதுக்குள்ள என் கூடக் கொட்டகைக்கு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "உடைடி," என்றாள் தராசு அண்ணி. வானொலி கூண்டுக்குள் போய், தொங்கின அரக்கை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். அது உடையவில்லை. வளைந்தது. இழுத்தாள், மென்று துப்பின சூயிங்கம் மாதிரி நீண்டது. விரலெல்லாம் சிவப்பு.

"அய்யோ அண்ணி, பத்து விரல் ரேகையும் இதுல பதிஞ்சுடுச்சு. இனிமே நான் திருடிப் பொழைக்க வழியே இல்லை."

ஆணையர் நெற்றியைச் சுருக்கினார். எல்லோரும் குளிர் அறைக்குத் திரும்பினார்கள். மேஜையில் இருந்த முடிச்சைத் தராசு அண்ணி ஒரு தட்டு தட்டினாள். டக்கென்று உடைந்தது. துண்டுகள் மேஜை மேல் சிதறின. அவர் ஒன்றை எடுத்தார். ஓரம் குத்தி, கையை உதறிக்கொண்டார்.

"தூதரகத் தட்டுல இருக்கறது இந்த மாதிரித் துண்டு சார். குத்தற துண்டு. பை உங்க கொட்டகையில இருந்தது வெயில் ஏறினதுலேர்ந்து உச்சி வரைக்கும். அந்த நேரத்துல அங்க யார் உடைச்சிருந்தாலும் அரக்கு இழுபட்டிருக்கும், ரேகை விழுந்திருக்கும். இது குளிர் ரூம்ல உடைஞ்ச அரக்கு. பை இங்க வர்றதுக்கு முன்னாலயே உடைஞ்சு போச்சு."

"வரும்போதே உடைஞ்சிருந்தா யாரும் பாத்திருக்க மாட்டாங்களா?"

"யார் சார் பாப்பாங்க? தொடக் கூடாது, திருப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க. அவர் முடிச்சைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டு, துண்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிட்டார். திரும்பி வந்து கீழ கொட்டினார், கத்தினார், அவரே பொறுக்கினார். ஆதாரத்தை அவ்வளவு பத்திரமாக் குளிர்ல கொண்டு போய் வெச்சதுதான் அவர் செஞ்ச தப்பு. இங்கயே தரையில விட்டிருந்தா அதோட கூர் மழுங்கிப் போயிருக்கும்."

ஆணையர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அந்தம்மா மேல தப்பு இல்லை. ஆனா எதுக்கும்மா ஒருத்தன் தன் பையைத் தானே உடைக்கணும்? அதுல இருந்தது வெறும் காகிதம். குதிரை அதுல போயிருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. ஒழுங்கா அனுப்பியிருக்கலாமே!"

அங்கேதான் தராசும் நின்றுவிட்டது. அவளுக்கும் அது புரியவில்லை. "முத்திரை வெக்கிறது தூதர். அவர் கண் முன்னாலதான் பையைக் கட்டணும். அதனால அதுல குதிரையைப் போட முடியாது. அது சரி. ஆனா உடைப்பானேன்?"

வானொலி விரலிலிருந்து அரக்கைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "சின்ன வயசுல நான் சமையல்கட்டுல சர்க்கரை டப்பாவை எடுக்கணும்னா, மொதல்ல உங்க வீட்டுக்காரரை ஒரு கிள்ளு கிள்ளுவேன் அண்ணி. எங்க அண்ணன் ஊரைக் கூட்டி அழும். அம்மா அங்க ஓடுவாங்க. நான் இங்க சர்க்கரை."

தராசு அண்ணியின் இரண்டு கண்ணும் திறந்தன. "சார், நேத்துக் கலாட்டாவுக்கு அப்புறம் நீங்க என்ன உத்தரவு போட்டீங்க?"

ஆணையர் தொண்டையைச் செருமினார். "அது... அவரோட எந்தச் சாமானையும் நம்ம ஆளுங்க தொடக் கூடாதுன்னு."

"அவர் வீட்டுச் சாமான் எங்க?"

"கீழதான். இப்பதான் ஏத்த ஆரம்பிச்சாங்க."

மூன்று பேரும் ஜன்னலுக்குப் போனார்கள். கீழே சிரிப்புக்காரரின் மரப்பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைசியாக ஒரு சுமைக்காரர் ஒரு பழைய ஏசியைத் தோளில் போட்டுக்கொண்டு, பீடியைக் கூட வாயிலிருந்து எடுக்காமல் நடந்து வந்தார்.

"ஒத்தை ஆளா?" என்றாள் வானொலி. "எங்க வீட்டு ஏசியை மாடிக்கு ஏத்த மூணு பேர் வந்தாங்க, நாலு பேருக்கு இடுப்பு பிடிச்சுது. நாலாவது ஆளு நான், சும்மா பாத்துக்கிட்டு நின்னதுக்கே."

"அதோட மோட்டாரைக் கழட்டிட்டு வேற எதையோ வெச்சிருக்காங்க," என்றாள் தராசு அண்ணி. "சார், பைக்குத்தான் அந்தச் சட்டம். வீட்டுச் சாமானுக்கு வேற சட்டம், சரியா?"

ஆணையருக்குப் புரிந்துவிட்டது. குரல் தாழ்ந்தது. "வலுவான சந்தேகம் இருந்தா திறக்கலாம். அவரையும் பக்கத்துல நிறுத்தித்தான் திறக்கணும். வாசல்ல நிக்கற அந்தப் பொண்ணு, அவர் சாமானைத் திறக்கணும்னு எத்தனை தடவை எங்கிட்ட வந்து கெஞ்சினா! 'வலுவான காரணம் என்னம்மா இருக்கு உங்கிட்ட'ன்னு ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினேன்."

"இப்ப காரணத்தை அவரே செஞ்சு கொடுத்துட்டார் சார். தன் நாட்டு முத்திரையைத் தானே உடைச்ச ஆளோட சாமானைச் சந்தேகப்படாம வேற யாரோடதைச் சந்தேகப்படுவீங்க?"

ஆணையர் போனை எடுத்தார். இந்தத் தடவை உட்கார்ந்தபடியே பேசினார். பேசி முடித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, நூல் பிசிறோடு கிடந்த ஒரு தோள்பட்டையை எடுத்து வானொலி கையில் கொடுத்தார். "வாசல்ல நிக்கறாங்களே, அவங்ககிட்டக் குடுங்க. திறக்கறது அவங்கதான்."

*

தூதர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். கூடவே சிரிப்புக்காரர். பயணத்துக்குத் தயாரான கோட்டு, அதே அளவு சிரிப்பு.

தராசு அண்ணி தூதரிடம் ஒன்றும் வாதாடவில்லை. அவருடைய முத்திரை அச்சையும் அரக்கையும் கொண்டு வரச் சொல்லியிருந்தாள். கொட்டகையிலேயே அவர் கையாலேயே ஒரு முடிச்சில் முத்திரை வைக்கச் சொன்னாள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, விசிறிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தாள். வெகு நேரம் கழித்து, "இப்ப உடைங்க ஐயா" என்றாள்.

அவர் உடைத்தார். அரக்கு வளைந்து, நீண்டு, அவருடைய விரலில் ஒட்டிக்கொண்டது. சிவந்த விரல்களைப் பார்த்தார். தட்டில் இருந்த கூர்மையான துண்டுகள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையை மெதுவாகத் திருப்பித் தன் செயலாளரைப் பார்த்தார்.

"இது ஒரு தந்திரம்," என்றார் சிரிப்புக்காரர். "விமானத்துக்கு நேரமாகிறது."

"உங்க சாமான்ல ஒண்ணைத் திறந்து பாக்கணும் சார்," என்று முன்னால் வந்தாள் கஸ்டம்ஸ்காரி. தோள்பட்டை ஏறியிருந்தது, வானொலி அவசரத்தில் ஊசியால் குத்தி நிறுத்தியிருந்தாள். "அந்த ஏசி."

தூதர் திரும்பினார். "ஏசியா? நம் ஊரில் ஜன்னலைத் திறந்தாலே போதுமே. கோடையிலும் கம்பளி போர்த்துகிறோம். அதை எதற்கு நீ கொண்டுபோகிறாய்?"

"ஒரு... ஞாபகார்த்தமாக."

"ஏசியையா?" என்றாள் வானொலி. "இந்த ஊர் ஞாபகம் வேணும்னா வெயிலைத்தானே கொண்டு போகணும்!"

சிரிப்புக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதும் அவர் அசரவில்லை. "சட்டம் எனக்கும் தெரியும். என் சாமானை நான் இல்லாமல் திறக்க முடியாது. நான் இப்போது போகிறேன். ஆகவே திறக்க முடியாது." கோட்டைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

தடுக்கப் போன ஆணையர் பின்வாங்கினார். சிரிப்புக்காரர் சொன்னது சரிதான். பிடித்து நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. கஸ்டம்ஸ்காரியின் கை, மேஜையில் கிடந்த கடப்பாரையை நோக்கிப் போனது. தராசு அண்ணி அந்தக் கை மேல் தன் கையை வைத்தாள். "வேணாம்மா. அதைத்தான் அவர் நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கார்."

"நில்," என்றார் தூதர்.

குரல் பெரிதாக இல்லை. ஆனால் சிரிப்புக்காரர் நின்றார்.

"விமானம் ஏறும் வரை நீ என் ஊழியன். இங்கே வந்து நில். அந்தப் பெண் முடிக்கும் வரை நில்."

ஏசியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார்கள். எழுத்தர் கரண்டில் ஓடுகிற ஸ்க்ரூ மெஷினை நீட்டினார். கஸ்டம்ஸ்காரி தலையை ஆட்டினாள். "கையாலயே கழட்டறேன்."

முதல் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகினாள். அவசரமே இல்லாமல், வீட்டில் பூ தொடுப்பது போல. கழன்றதும் அதைச் சிரிப்புக்காரரிடம் நீட்டினாள். "பிடிங்க சார். உங்க சாமான், தொலைஞ்சா நான் பதில் சொல்லணும்."

அவர் கையை நீட்டி வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

இரண்டாவதைக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்தாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அடுத்ததைத் தொடங்கினாள். ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, அது ஊறுகிற வரைக்கும் காத்திருந்தாள். தகரக் கூரைக்குக் கீழே கோட்டு போட்டுக்கொண்டு நின்றவரின் கன்னத்தில் வியர்வை வழிந்தது. ஒட்டியிருந்த சிரிப்பு ஓரத்திலிருந்து கழன்றுகொண்டு வந்தது.

"கையை இறுக்கி மூடிக்குங்க சார்," என்றாள் அவள், மரியாதையாக. "கீழ விழுந்துடப் போகுது."

"சீக்கிரம்," என்றார் அவர். செய்தி வாசிக்கிற குரல் இல்லை இப்போது.

"ஆகட்டும் சார். சீக்கிரம் பண்ணினா கீறல் விழுந்துடும். உள்ள என்ன இருக்கோ!"

கடைசி ஸ்க்ரூவும் அவர் கைக்குப் போனது. தகட்டை எடுத்தாள். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளியல் துண்டு மூட்டை. பிரித்தாள். ஒரு காது முன்னால் சாய்ந்த வெள்ளிக் குதிரை, தகர இடுக்கு வழியாக வந்த வெயிலில் பளிச்சென்றது.

வானொலியே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிப்புக்காரர்தான் முதலில் பேசினார். "நீங்கள் என்னைக் கைது செய்ய முடியாது."

"அவர்களால் முடியாது," என்றார் தூதர். எழுந்து நின்றார். "அந்தப் பாதுகாப்பு உன் சட்டை இல்லை. நம் நாட்டின் சட்டை. நீ இரவல் போட்டிருந்தாய். கழற்ற அனுமதி கேட்டு இன்றைக்கே நம் தலைநகருக்கு எழுதுகிறேன். அதுவரை நீ என் வீட்டில், என் கண் முன்னால் இருப்பாய். தலைநகரில் மறுத்தால், உன்னை நானே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் நம் நீதிமன்றத்தில் நிறுத்துவேன். அங்கே உனக்கு எந்தச் சட்டையும் கிடையாது." பிறகு கஸ்டம்ஸ்காரியின் பக்கம் திரும்பி, சிவந்த விரல்களோடு கை கூப்பினார். "உங்கள் தங்கைக்காக நீதிபதிக்கு நானே கடிதம் எழுதுகிறேன் அம்மா."

அவள் பதிலுக்குக் கும்பிட்டாள். பிறகு செயலாளர் முன்னால் போய்க் கையை ஏந்தினாள். "ஸ்க்ரூவைக் குடுங்க சார். திரும்ப மூடணும்."

அவர் கையைத் திறந்தார். இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை முழுக்கப் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது.

*

மறுநாள் காலை ஜெயிலில் பார்வையாளர் நேரம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தங்கை. இளைத்துப் போயிருந்தாள். விஷயம் முன்னாலேயே அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வார்டன் அம்மாவே சொல்லியிருந்தாள். தராசு அண்ணியும் வானொலியும் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டார்கள்.

"வக்கீல் கோர்ட்டுல கேட்டுட்டு வந்தார்டி. இந்த வாரத்துலயே வெளிய வந்துடலாம்," என்றாள் அக்கா.

தங்கை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அக்கா, திறக்கும்போது அவன் இருந்தானா?"

"இருந்தான்டி. இருக்கணும்னு சட்டம்."

"எங்க நின்னான்?"

"எனக்கு எதிர்ல. இப்ப நீ நிக்கறியே, இவ்வளவு கிட்டத்துல."

"சிரிச்சானா?"

"மொதல் ஸ்க்ரூவுக்குச் சிரிச்சான்."

தங்கை நெற்றியை வலையில் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில், பல மாசமாக அங்கே வராத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மெதுவா சொல்லுக்கா," என்றாள். "ஒவ்வொண்ணா சொல்லு. ஒண்ணைக்கூட விட்டுடாத."

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். நேரம் முடிந்ததென்று வார்டன் அம்மா வந்தாள். கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. நேரமாச்சு, பத்திரமாகப் போய்ச் சேருங்க. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பெரியவங்க வலியில்லாமல் தூங்கட்டும், பிள்ளைங்க சிரித்துக்கொண்டே எழுந்திருக்கட்டும். கூடப் பிறந்ததுகள் எல்லாம் நடுவில் கம்பி இல்லாமல் ஒரே பாயில் உட்கார்ந்து பேசிக் களிக்கட்டும். நல்லா இருங்க.